நாலு பேருக்காக வாங்கியது எது, நமக்காக வாங்கியது எது: பிரித்துப் பார்ப்பது எப்படி

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம், ஒரு பேனா போதும், கைக்கடிகாரம் போதும். "எனக்குப் பிடித்தது, அதனால் வாங்கினேன்" என்று யோசிக்காமல் சொல்லக்கூடிய பொருளாக இருக்கட்டும். இப்போது, பக்கத்தில் யாருமே இல்லாத நேரத்தில் அதைக் கடைசியாக எப்போது கையில் எடுத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

என் மேசை இழுப்பறையில் இரண்டு பேனாக்கள் கிடக்கின்றன. ஒன்று கனமான உலோகப் பேனா, மூடியை இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இன்னொன்று பிளாஸ்டிக், பின்முனையில் பல் பட்ட தடம்கூட இருக்கிறது. கணக்கு எழுதும்போதும், இரவில் ஏதோ தோன்றிக் குறித்துவைக்கும்போதும் என் கை தானாகப் பிளாஸ்டிக் பேனாவுக்குத்தான் போகும். எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தால் உலோகப் பேனா வெளியே வரும். திட்டம் போட்டு நான் இப்படிச் செய்யவில்லை, பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன், கவனித்த அன்று மனதுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஏனென்றால் அந்தப் பேனாவை நான் உண்மையாகவே அழகு என்று நினைத்திருந்தேன். இப்போதும் நினைக்கிறேன். பொய் சொல்லவில்லை, ஆனாலும் அது நாலு பேருக்கான பேனா.

இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலையை எப்படிச் செய்வது என்றுதான் எழுதப்போகிறேன். எல்லாவற்றையும் துறந்துவிட்டு எளிமையாக வாழச் சொல்லும் கட்டுரை இல்லை இது. நம் பணமும் நேரமும் எங்கே போகின்றன என்று தெரிந்தால் போதும், மீதியை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். எனக்கு இதில் பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நம் ரசனை எங்கிருந்து வந்தது என்று தெரியாதவரை, அடுத்தவர் ரசனையைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டே இருப்போம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மனதைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள்

"யாருமே பார்க்க மாட்டார்கள் என்றால் இதை வாங்குவேனா?" என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பலரும் சொல்வார்கள். நல்ல கேள்விதான். ஆனால் வரும் பதிலை நம்ப முடியாது. "வாங்குவேன்" என்றுதான் மனம் சொல்லும், அதுவும் உண்மையாக நம்பியே சொல்லும்.

ஏன் இப்படி என்று தார்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே விளக்கிவிட்டார். நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய விவசாயக் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் அவர். பணக்காரர்களின் செலவுப் பழக்கத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் ஸ்பூன் பற்றி ஒரு பகுதி வரும். கையால் அடித்துச் செய்த வெள்ளி ஸ்பூன் ஒன்று, இயந்திரத்தில் செய்த அலுமினிய ஸ்பூன் ஒன்று. விலையில் நூறு மடங்கு வித்தியாசம். வாயில் வைத்துச் சாப்பிடும் வேலையில் பெரிய வித்தியாசம் ஏதும் கிடையாது. வெள்ளி ஸ்பூன் அழகாக இருக்கிறது, அதனால் விலை என்போம். சரி. ஆனால் அந்த 'கையால் செய்த' ஸ்பூன் உண்மையில் மிகத் திறமையாகச் செய்த போலி என்று பிறகு தெரியவந்தால்? பார்ப்பதில் கிடைத்த இன்பமும் சேர்த்து அதன் பயன் உடனே எண்பது, தொண்ணூறு சதவீதம் இறங்கிவிடும் என்கிறார். ஸ்பூன் அதேதான், கண்ணும் அதேதான், மாறியது விலையைப் பற்றிய நினைப்பு மட்டும். விலை உயர்ந்தது என்ற உணர்வும் அழகு என்ற உணர்வும் நமக்குள் கலந்து ஒன்றாகிவிடுகின்றன, பாலும் தண்ணீரும் போல. அன்னப்பறவை வந்தால்தான் பிரிக்கும்.

2008-ல் வந்த ஒரு ஆய்வு இதையே மூளைக்குள் எட்டிப் பார்த்தது. ஒரே மதுவைக் குறைந்த விலை சொல்லி ஒரு முறையும் அதிக விலை சொல்லி ஒரு முறையும் கொடுத்தார்கள். அதிக விலை சொன்னபோது நன்றாக இருக்கிறது என்றார்கள். மரியாதைக்காகச் சொன்னார்கள் என்று தள்ளிவிட முடியாது, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடே அப்போது கூடியிருந்தது. அதாவது பிடித்தது நிஜம். பிடித்ததற்கான காரணம்தான் நாம் நினைத்தது இல்லை.

அதனால் மனதை விசாரிப்பதை விட்டுவிட்டு நடத்தையைக் குறித்துவையுங்கள். ஒரு வாரம் போதும். வழக்கமாகப் பயன்படுத்தும் பத்துப் பதினைந்து பொருட்களை எழுதிக்கொண்டு, தனியாக இருக்கும்போது எடுத்தது எது, ஆள் இருக்கும்போது எடுத்தது எது என்று மட்டும் கோடு போடுங்கள். இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள், என் அனுபவத்தில் இதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. வாசலில் அழைப்பு மணி அடித்ததும் எதை உள்ளே தள்ளுகிறீர்கள்? நைந்த துண்டா, பழைய செருப்பா, பாதி படித்த துப்பறியும் நாவலா? வெளியே வைப்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லிவிடலாம். அவசரமாக ஒளித்துவைப்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். ஒளித்துவைத்தவைதான் பெரும்பாலும் நாம் நிஜமாக விரும்பிப் பயன்படுத்தும் பொருட்கள் என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

எல்லோர் கையிலும் வந்துவிட்டால்?

பட்டியல் கையில் இருக்கிறதா? இப்போது ஒவ்வொன்றுக்கும் அடுத்த சோதனை. நாளை காலையிலிருந்து இது எல்லோருக்கும், சல்லிசாக, தெருவுக்குத் தெரு கிடைக்கும் என்று வையுங்கள். இன்னும் உங்களுக்குப் பிடிக்குமா?

இந்தச் சோதனையை வரலாறு பல முறை நடத்திவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கதை அலுமினியத்தின் கதை. வாஷிங்டன் நினைவுத்தூண் 1884-ல் முடிந்தபோது அதன் உச்சியில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு சிறிய அலுமினியப் பிரமிடை வைத்தார்கள். தூண் முழுவதற்கும் மகுடம் மாதிரி. வைப்பதற்கு முன்னால் நியூயார்க்கில் ஒரு நகைக்கடையில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள் என்றால் அன்றைக்கு அதன் மதிப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். தாதுவிலிருந்து அலுமினியத்தைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்த காலம் அது. இரண்டே வருடம். 1886-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்ஸில் பால் எரூ என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. 1899-ல் வெப்லன் மலிவான ஸ்பூனுக்கு உதாரணம் தேடியபோது அவர் எடுத்துக்கொண்டது எந்த உலோகம் என்று மேலே பார்த்தோம். நினைவுத்தூணின் உச்சியிலிருந்து மலிவு ஸ்பூனுக்கு இறங்க 15 வருடம் ஆகியிருக்கிறது. உலோகத்தின் நிறமோ பளபளப்போ எடையோ ஒரு துளி மாறவில்லை.

ஊதா நிறத்துக்கும் இதே கதி. பழைய மத்தியதரைக்கடல் நாடுகளில் கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள். 1909-ல் ஒரு வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து அதைப் பிரித்தபோது கிடைத்தது 1.4 கிராம். ரோமில் அந்த நிறம் அரசகுலத்தின் அடையாளம் ஆனதில் ஆச்சரியம் இல்லை. 1856-ல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தான். அதன் பிறகு ஊதா யார் வேண்டுமானாலும் உடுத்தும் நிறம்.

உங்கள் பட்டியலில் எந்தப் பொருள் "எல்லோரிடமும் வந்துவிட்டால் எனக்கு அலுத்துவிடும்" என்று தோன்ற வைக்கிறதோ, அங்கே நீங்கள் விரும்புவது பொருளை இல்லை, மற்றவர்களிடம் அது இல்லாததை. இதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, மனிதர்கள் எங்கும் எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறோம். ஆனால் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வகைப் பொருளில் போட்ட பணம் தேய்ந்துகொண்டே போகும். அடுத்தவர் வாங்கிய நாளில் நாம் அடுத்ததைத் தேட வேண்டியிருக்கும். எல்லோரிடமும் வந்த பின்னாலும் பிடிக்கும் என்று தோன்றுகிறதே, மழை நாளில் போர்த்திக்கொள்ளும் பழைய போர்வை மாதிரி, அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

நேரத்தைக் காட்டுவதும் பகட்டுதான்

பணத்தைக் காட்டுவது கண்ணுக்குத் தெரியும். நேரத்தைக் காட்டுவது அவ்வளவு சீக்கிரம் தெரியாது. வெப்லன் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தார். உழைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று காட்டுவதுதான் பழைய உயர்குடியின் முதல் அடையாளம் என்றார். கைத்தடி எதற்கு? கை வேறு வேலையில் இல்லை என்று காட்ட. இறுக்கமான உடையும் உயர்ந்த குதிகாலும் எதற்கு? இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்று காட்ட. மாளிகை முன்னால் பரந்த புல்வெளி, ஆனால் அதில் பசு மேயக் கூடாது, பசு மேய்ந்தால் 'பயன்' என்ற வாடை வந்துவிடும். மானை விடலாம்.

தோலின் நிறம்கூட இதில் சிக்கியிருக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலானோர் வயலில் உழைத்த காலத்தில் வெளிறிய தோல்தான் வெயிலில் இறங்கத் தேவையில்லாத வசதிக்கு அடையாளம். வேலை தொழிற்சாலைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் போனபின், 1920-களில், வெயிலில் காய்ந்த தோல் நாகரிகம் ஆனது, கடற்கரையில் படுத்துக் கிடக்க நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே தலைகீழ்.

இப்போது இன்னொரு தலைகீழ் நடந்திருக்கிறது. "மூச்சு விட நேரமில்லை" என்பதே பெருமையாகிவிட்டது. 2017-ல் வெளியான ஒரு ஆய்வில், எப்போதும் வேலையாக இருப்பவரை அமெரிக்கர்கள் அந்தஸ்து கூடியவர் என்று மதிப்பிட்டார்கள். ஆள் இல்லாமல் முடியாது, அவ்வளவு தேவைப்படுகிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஆய்வில் இத்தாலியர்கள் ஓய்வாக இருப்பவரையே உயர்ந்தவராகப் பார்த்தார்கள். ஆக, ஓய்வையும் காட்டலாம், ஓய்வின்மையையும் காட்டலாம், பார்க்கிற நாலு பேர் யார் என்பதைப் பொறுத்தது.

இதற்கான சோதனை எளிது. ஒரு வாரம், "எப்படி இருக்கிறீர்கள்" என்று யாராவது கேட்டால் "ஒரே வேலை" என்று சொல்லாமல் இருந்து பாருங்கள். வேலை நிஜமாகவே இருந்தாலும் சரி. வேறு ஏதாவது சொல்லுங்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை எத்தனை தடவை வந்து திரும்பிப் போகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் விடுமுறையில் எங்காவது போனால் படம் எதையும் யாருக்கும் அனுப்பாமல் இருந்து பாருங்கள், ஒரே ஒரு தடவை. அந்தப் பயணம் உங்களுக்குக் குறைந்துபோனதா, இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

விலைச்சீட்டு இல்லாத ரசனை

இதுதான் கடினமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

"நான் பொருளுக்கு ஆசைப்படுகிறவன் இல்லை, நல்ல இசை, நல்ல புத்தகம், நல்ல பேச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில்தான் இருந்தேன். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. 1963-லும் 1967-68-லும் பிரான்ஸில் 1,217 பேரிடம் கேள்விகள் கேட்டுச் செய்த ஆய்வு. எந்த விஷயத்தைப் படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்பது அதில் ஒரு கேள்வி. சூரிய அஸ்தமனம் அழகு என்று சொன்னவர்கள் பெரும்பாலும் குறைவாகப் படித்தவர்கள். நிறையப் படித்தவர்கள் அதை 'அரைத்த மாவு' என்று ஒதுக்கினார்கள், மரப்பட்டையையும் முட்டைக்கோஸையும்கூட அழகான படமாக்க முடியும் என்றார்கள்.

முட்டைக்கோஸில் அழகைப் பார்ப்பது ஒரு திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமை எங்கிருந்து வருகிறது? அதைக் கற்க ஓய்வு வேண்டும், ஓவியம் மாட்டிய வீடு வேண்டும், அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிற பெற்றோர் வேண்டும், அவசரத் தேவை கழுத்தை நெரிக்காத இளமைக்காலம் வேண்டும். பல வருட ஓய்வு ஒரு ஆளுக்குள் படிந்து, கடைசியில் "எனக்கு இயல்பாகவே நல்ல ரசனை" என்று அவரையே நம்ப வைத்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஓய்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. படிப்பும் ஓய்வும் அவ்வளவு பழைய உறவு.

இதை உங்களுக்குள் கண்டுபிடிக்கப் பொருளைப் பார்க்கக் கூடாது, சிரிப்பைப் பார்க்க வேண்டும். அடுத்தவரின் எதைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்போ கூச்சமோ வருகிறது? உச்சரிப்பா? சட்டை நிறமா? வீட்டுச் சுவரில் மாட்டிய படமா? செயற்கைப் பூவா? ஐந்தாறு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், "இது மட்டம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?" என்ற கேள்விக்கு ஒரு பெயரையோ ஒரு இடத்தையோ எழுதப் பாருங்கள். எனக்குச் செயற்கைப் பூவைக் கண்டால் ஒரு இளக்காரம் இருந்தது. யோசித்துப் பார்த்தால், என் சிறுவயது வீட்டில் அலமாரி மேல் பிளாஸ்டிக் ரோஜாக்கள் இருந்தன, வாரத்துக்கு ஒரு முறை அம்மா அவற்றைக் கழுவி வெயிலில் வைப்பாள், இதழ் இதழாகத் துடைப்பாள், எனக்கு அவை மிகவும் பிடித்திருந்தன. கல்லூரியில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது அங்கே யாரோ பிளாஸ்டிக் பூவைக் கிண்டல் செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு அவை பிடிக்காது. ஒரே ஒரு மதிய நேரம், ஒரு சிரிப்பு, ரசனை மாறிவிட்டது. அந்தச் சிரிப்பில் அம்மாவும் இருந்தாள் என்பது புரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

இதில் இன்னொரு வலையும் இருக்கிறது. அமெரிக்காவில் 1982-லும் 1992-லும் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு இரண்டு சமூகவியலாளர்கள் 1996-ல் எழுதினார்கள்: மேல்தட்டு ரசனை மாறிவிட்டது, முன்பு உயர்ந்த கலைகளை மட்டும் ரசித்தவர்கள் இப்போது எல்லாவற்றையும் ரசிக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "நான் எல்லாவற்றையும் ரசிப்பேன், அவர்களுக்கு ஒன்றுதான் தெரியும்" என்பதே புது மேட்டிமை ஆகிவிடவும் வழி இருக்கிறது. "எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது" என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை தட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அர்த்தராத்திரிக் குடை

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இந்தப் பழமொழியை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். யார் வாயிலிருந்து வந்திருக்கும்? நிச்சயம் அந்த 'அற்பன்' சொல்லியிருக்க மாட்டான். குடை பிடிக்கும் உரிமை ஏற்கெனவே இருந்தவர்களுக்குத்தான், எப்போது பிடிக்கக் கூடாது என்ற நுணுக்கமும் தெரியும். பணம் வந்துவிட்டது, சரி, ஆனால் எங்களுக்குத் தெரிந்த நுணுக்கம் உனக்குத் தெரியாதே என்று கதவை இன்னொரு தாழ்ப்பாள் போட்டுச் சாத்துகிற வாக்கியம் அது.

பரம்பரைப் பணக்காரர் அடக்கமாக இருப்பார், புதுப் பணக்காரர் ஆட்டம் போடுவார் என்று சொல்வதிலும் இதே தாழ்ப்பாள்தான். அடக்கமாக இருப்பவர் காட்டவில்லை என்று நினைக்க வேண்டாம், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டுகிறார். ஆடம்பரக் கைப்பைகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2010-ல் வந்தது. நிறுவனத்தின் சின்னம் பெரிதாகத் தெரியும் பைகளைவிட, சின்னம் அடக்கமாக இருக்கும் பைகள்தான் விலை அதிகம். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பவருக்குப் பெரிய சின்னம், தன் வட்டத்துக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு ஒரு தையல், ஒரு கொக்கி.

அதனால், சோதனைகளை எல்லாம் செய்து முடித்துவிட்டு "நான் எளிமையானவன்" என்று ஒரு முடிவுக்கு வந்தீர்கள் என்றால், இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறது. உங்கள் எளிமை எவ்வளவு செலவில் நடக்கிறது? வெறும் வெள்ளைச் சுவர், அதில் ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியின் விலை என்ன? மற்ற சாமான்களை எல்லாம் வைக்க வேறு அறை இருக்கிறதல்லவா?

அடுத்த தடவை வாங்கும்போது

இது சுருக்கமான பகுதி, ஏனென்றால் மேலே சொன்னதைச் செய்தவர்களுக்குப் பாதி ஏற்கெனவே புரிந்திருக்கும்.

முதலில் சங்கிலியைப் பாருங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ 1769-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அவருக்கு அழகான சிவப்பு அங்கி ஒன்று பரிசாகக் கிடைத்தது. பழைய அங்கி இருந்தவரை புத்தகத்தில் தூசி இருந்தால் அதிலேயே துடைப்பார், பேனாவில் மை கட்டினால் அதிலேயே தேய்ப்பார். புது அங்கி வந்ததும் வைக்கோல் நாற்காலி கண்ணை உறுத்தியது, தோல் நாற்காலி வந்தது, பிறகு மேசை, பிறகு சுவரில் இருந்த படங்கள் என்று அறையே மாறிப்போனது. பழைய அங்கிக்குத் தான் எஜமானனாக இருந்ததாகவும் புதியதற்கு அடிமை ஆகிவிட்டதாகவும் எழுதினார். இலவசமாக வந்த ஒரு துணி! ஆகவே எதையும் வாங்கும் முன், 'இது வீட்டுக்கு வந்தால் அடுத்து எதைக் கேட்கும்?' என்று எழுதிப் பாருங்கள். அது கேட்கப்போகும் பொருட்களின் விலையையும் சேர்த்ததுதான் உண்மையான விலை.

இரண்டாவது, யாரைப் பார்த்து வாங்குகிறோம் என்பது. நெதர்லாந்தில் ஒரு லாட்டரி, அஞ்சல் குறியீட்டை வைத்துக் குலுக்குகிறது, ஒரே குறியீட்டில் சீட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் பரிசு. 2011-ல் வந்த ஆய்வு, பரிசே கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தது. அவர்களும் கார் வாங்குவது கூடியிருந்தது, வீட்டின் வெளிப்புறத்தைப் புதுப்பிப்பதும் கூடியிருந்தது. வெளிப்புறத்தை, கவனியுங்கள். யாராவது வீடு மாறுவது பற்றி என்னிடம் யோசனை கேட்டால், வாடகை, தூரம் எல்லாம் பார்த்துவிட்டு, அந்தத் தெருவில் நிற்கும் வண்டிகளையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். அங்கே போனால் நம் 'போதும்' எங்கே போய் நிற்கும் என்று அந்த வண்டிகள் சொல்லும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதவற்றில் செலவு செய்யுங்கள். 1998-ல் வந்த ஒரு ஆய்வில், மற்றவர்களைவிட அதிகமாக, ஆனால் மொத்தத்தில் குறைவாகச் சம்பாதிக்கும் உலகம் ஒன்று. மொத்தத்தில் இரண்டு மடங்கு கிடைக்கும், ஆனால் மற்றவர்களைவிடக் குறைவு என்ற உலகம் இன்னொன்று. எது வேண்டும் என்றபோது சுமார் பாதிப் பேர் முதலாவதைக் கேட்டார்கள். ஆனால் விடுமுறை நாட்களைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டபோது பெரும்பாலானோர் மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை, தனக்கு அதிக நாள் கிடைத்தால் போதும் என்றார்கள். எனக்கு இது மிகவும் உபயோகமான தகவல். வருமானமும் வண்டியும் தரும் இன்பத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரே நாளில் குறைத்துவிட முடியும். நல்ல தூக்கம், அலுவலகத்துக்குப் போய்வரும் தூரம் குறைவது, முதுகுவலிக்கான சிகிச்சை, சாயங்காலம் ஒரு மணி நேரம், இவற்றை அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கே இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது

அடுத்தவர் மீது, அதிலும் நம்மைவிட வசதி குறைந்தவர் மீது, செய்யவே கூடாது. கடன் வாங்கி நல்ல செல்போன் வாங்கிய ஒருவரைப் பார்த்து "இது இவனுக்குத் தேவையா" என்று சொல்வது சுலபம். பொருளியல் சிந்தனையாளர் ஆடம் ஸ்மித் 1776-லேயே லினன் சட்டையை வைத்து இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். லினன் சட்டை உயிர்வாழத் தேவை இல்லை, கிரேக்கர்களும் ரோமர்களும் அது இல்லாமல் வசதியாகவே வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில், லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வர ஒரு தினக்கூலித் தொழிலாளி வெட்கப்படுவார், ஆகவே அது அத்தியாவசியப் பொருள்தான் என்றார். வெட்கப்படாமல் தெருவில் இறங்குவதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை நிர்ணயிப்பவர் அதைக் கொடுக்க முடியாதவர் இல்லை, மேலே இருப்பவர்கள், அதாவது பெரும்பாலும் இதைப் படிக்கும் நாம். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் இரவல் கோட்டு போட்டுப் போனால் அது பந்தா இல்லை. நுழைவுச்சீட்டு.

உங்களுக்கே அந்த மாதிரி இடங்கள் இருக்கும். அங்கே தாராளமாக நாலு பேருக்காக உடுத்துங்கள், மனசாட்சி உறுத்த வேண்டியதில்லை. பட்டியலில் அந்தப் பொருட்களுக்குத் தனியாக ஒரு குறி போட்டுவைத்தால் போதும்.

என் பேனாக்களைப் பற்றிக் கேட்பீர்கள். உலோகப் பேனாவை விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பிளாஸ்டிக் பேனாவை எடுத்து மேசை மேல் வைத்தேன், யார் வந்தாலும் அது அங்கேயே இருக்கும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம், எதிரே ஆள் உட்கார்ந்ததும் கை இழுப்பறைப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, உலோகப் பேனாவை எடுத்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நன்றாகத்தான் எழுதுகிறது.